பின்சீட்டுக்கு அடியில் வெட்டிய மூடி

காரின் பின்சீட்டைக் கழற்றிப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அதற்கடியில் கிடந்த கார்பெட்டையும் சுருட்டி வெளியே போட்டாயிற்று. அந்த இடுக்கில் மண்டியிட்டபடி, கையில் ஒரு சாக்பீஸோடு, வெறும் தரைத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தகட்டின் மேல் பல வருடத்துத் தூசி. அதில் யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைக் கொலுசு, இரண்டு ஹேர்பின், காய்ந்துபோன பூச்சரத்தின் நார், ஒரு ஜெபமாலையிலிருந்து உதிர்ந்த மணி. எப்போதோ வாடகைக்கு வந்து உட்கார்ந்து போனவர்கள் விட்டுப்போனவை. எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டேன்.

கார் என்னுடையது அல்ல, அண்ணனுடையது. அண்ணன் அந்த நேரத்தில் விழுப்புரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். சாயங்காலம் பத்து நிமிஷம்தான் உள்ளே விடுவார்கள்.

முந்தின நாள் அந்தப் பத்து நிமிஷத்தில், இந்தத் தகட்டை வெட்டலாமா என்று அவரிடம் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

அண்ணனும் வண்டியும்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் திண்டிவனத்தில் இருக்கும் எங்கள் பீரோ பட்டறையைத் தெரியும். இந்த வாரம்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஸ்டெல்லா. கணவர் போனபிறகு அவருடைய பட்டறையை நான் நடத்துகிறேன். தகடு வெட்டுவது, மடிப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் எனக்குக் கைவந்த வேலை. கார் வேலை தெரியாது. கார் ஓட்டவே நாற்பத்தெட்டு வயதில்தான் கற்றுக்கொண்டேன்.

அதுவும் அண்ணனுக்காக.

அண்ணன் பெயர் ஆரோக்கியம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வாசலுக்கு வந்து, "ஆரோக்கியம் யாருங்க?" என்று கூப்பிடும்போது, காத்திருக்கிற மற்ற நோயாளிகள் சிரித்துவிடுவார்கள். அண்ணனும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்குவார். முதல் வருடம் முழுக்கச் சிரித்தார்.

அந்தக் காரை அவர் பல வருடம் வாடகைக்கு ஓட்டியவர். கல்யாணப் பெண்களை ஏற்றியிருக்கிறார், பிரசவ வலியில் துடித்தவர்களை ஏற்றியிருக்கிறார். மயிலத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் எத்தனை முறை போனார் என்பதற்குக் கணக்கே கிடையாது. அண்ணி மஞ்சள் காமாலையில் போனதும், பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் வண்டியைக் கழுவுவார். கழுவி முடித்து, அதிலேயே உட்கார்ந்து டீ குடிப்பார்.

வண்டிக்குள் மல்லாட்டை மட்டும், அதுதான் வேர்க்கடலை, யாரும் உரிக்கக் கூடாது. தோல் சீட்டு இடுக்கில் போய்விட்டால் எடுக்க முடியாது என்பார். சவாரிக்காரர்களிடம்கூட முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். அதனால் போன சவாரிகள் உண்டு.

பிற்பாடு டாக்டர் அவருக்கு மல்லாட்டையே கூடாது என்றுவிட்டார். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கீரையைக் கூட வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தர வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் தண்ணீர். திண்டிவனம் சந்தைப் பக்கம் போகும்போது வறுத்த மல்லாட்டை வாசனை வந்தால், அண்ணன் கார் ஜன்னலை ஏற்றிவிடச் சொல்வார்.

செவ்வாய், வியாழன், சனி

சர்க்கரை அவருடைய இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திண்டிவனத்தில் அப்போது எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. விழுப்புரத்தில் காலை பத்து மணிக்கு ஒரு மெஷின் ஒதுக்கினார்கள். நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும்.

ஆரம்பத்தில் பஸ்ஸில் போய் வந்தோம். ஒரு நாள் முடித்துவிட்டு வரும்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அண்ணனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, படிக்கட்டில் வைத்த கால் நழுவி விழுந்தார். நெற்றி பிளந்துவிட்டது. அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

அவர் பின்சீட்டில் படுத்துக்கொள்வார். நான் ஓட்டுவேன். படுத்தபடியே சத்தத்தை வைத்து எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார்.

"மூணாவது கியர்லயே போட்டுக்கினு ஏம்மா அத்த அழுவ வைக்கிற? நாலாவது போடு."

"போட்டுத்தான் இருக்குறேன்."

"போடல. எனக்குக் கேக்குது."

பார்த்தால் மூன்றில்தான் இருக்கும்.

விக்கிரவாண்டிக்கு முன்னால்

அன்று செவ்வாய்க்கிழமை. விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது வண்டி இரண்டு முறை இருமியது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். வேகம் ஏறவில்லை. ஓரம் கட்டுவதற்குள் அணைந்தே போனது.

"சாவிய ஆன் மட்டும் பண்ணு. ஸ்டார்ட் பண்ணாத. பேசாத," என்றார் அண்ணன்.

ஆன் செய்தேன். பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் அவர் காதைக் கூர்ந்து வைத்துக் கேட்டார்.

"பின்னால ம்ம்னு ஒரு சத்தம் வரணும். வரல. பெட்ரோல் பம்ப் பூட்சு."

அப்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியும். பெட்ரோல் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிற ஒரு சின்ன மோட்டார். அதுதான் பெட்ரோலை என்ஜினுக்குத் தள்ளுகிறது. அது நின்றால் வண்டி நின்றுவிடும்.

"எங்க இருக்குது சொல்லு. நான் பாக்குறேன்."

"நீ எங்கருந்து பாப்ப? எனக்குக் கீழ இருக்குது. சீட்டு, அதுக்கடில தகடு, அதுக்கடில டேங்க். டேங்க்க எறக்குனாத்தான் அத்தத் தொட முடியும். ஒரு நாள் வேல."

நான் பின்கதவைத் திறந்து அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன். அவருடைய தொடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது அது. நடுவில் இருப்பது ஒரு தகடு. என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தகடு வெட்டியிருப்பேன்.

தெரிந்த வண்டி ஒன்று வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. மெஷினை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். வியாழக்கிழமை வாடகைக்குச் சொல்லி வைத்திருந்த வண்டி வரவில்லை. "சனிக்கிழம பாத்துக்கலாம் வுடு. ஒண்ணும் ஆவாது," என்றார் அண்ணன்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவரால் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கால்கள் பொங்கி, முகம் பொங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நுரையீரலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்றார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போனார்.

அட்டையில் எடுத்த அளவு

வண்டியைக் கட்டி இழுத்துவந்து பட்டறை வாசலில் விட்டிருந்தோம். மெக்கானிக் ரஃபி எங்களுக்குப் பல வருடப் பழக்கம். டேங்கைத் தாங்கிப் பிடிக்கிற போல்ட்டுகள் துருவேறி இறுகிப் போயிருந்ததால், அதை இறக்குவதற்கே அவருக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. இறக்கி, இருந்த பெட்ரோலை வடித்து, வாசலின் கடைசியில் கொண்டுபோய் வைத்தார்.

"மத்த வண்டில எல்லாம் சீட்டத் தூக்குனா ஒரு மூடி இருக்கும்க்கா. நாலு ஸ்க்ரூ கழட்டுனா பம்ப் கைக்கு வந்துடும். இந்த வண்டில அது இல்ல. அதான் பேஜாரு."

"நாம ஒரு மூடி வச்சிட்டா?"

ரஃபி சிரித்தார். "ரெண்டு வருசம் முன்னாடி அண்ணங்கிட்ட இத்தயேதான் கேட்டேன். வண்டில உளிய வச்சின்னா உம் மேல வச்சிடுவேன்னாரு."

"இப்ப போடுற பம்ப் எத்தினி நாளு வரும்?"

"இது பழைய வண்டிக்கா. கம்பெனி பம்ப் கெடைக்கிறது கஷ்டம். கெடைக்கிறதப் போடுவோம். வந்தா வரும்."

பம்ப் வாங்க அவர் பாண்டிச்சேரிக்குப் போனார். திரும்பி வர மத்தியானம் ஆகும். அந்த நேரத்தில்தான் நான் சீட்டைக் கழற்றினேன்.

பழைய காலண்டர் அட்டை ஒன்றை டேங்கின் மேல் வைத்து, போல்ட் இருக்கும் இடங்களையும் பம்ப்பின் வட்டமான தலை இருக்கும் இடத்தையும் குறித்துக்கொண்டேன். வண்டிக்கு அடியில் படுத்து, அந்த அட்டையை அதே போல்ட் இடங்களில் பிடித்து, வட்டத்தின் நடுவில் ஆணியால் ஒரு துளை போட்டேன். மேலே வந்து அந்தத் துளையைச் சுற்றி சாக்பீஸால் சதுரம் போட்டேன். பிரேக் குழாய் எந்தப் பக்கம் போகிறது, வயர் எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

டேங்க் தள்ளி இருந்தாலும் காற்றில் பெட்ரோல் இருக்கும் என்ற பயம். பொறி பறக்கிற கிரைண்டரைத் தொடவில்லை. கையால் சுற்றுகிற பழைய டிரில்லில் மூலைகளில் துளை போட்டு, தகடு கத்தரியால் வெட்டினேன். முதல் வெட்டு விழும்போது தகடு கிறீச்சிட்டது. பீரோத் தகடும் அப்படித்தான் கத்தும். ஆனாலும் நான் நிறுத்திவிட்டு, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

வெட்டிய ஓரங்களை அரத்தால் ராவினேன். சிவப்பு ப்ரைமர் அடித்தேன். ஓட்டையைவிட நாலாபுறமும் இரண்டு விரல் பெரியதாக ஒரு மூடி செய்து, அடியில் ரப்பர் பீடிங் ஒட்டி, எட்டு ஸ்க்ரூவில் நிற்கிற மாதிரி வைத்தேன். என் கையால் அவ்வளவு சுத்தமாக நான் எந்த பீரோவும் செய்ததில்லை.

திரும்பி வந்த ரஃபி கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாக்கா பண்ணி வச்சிக்கிறீங்க? அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ டேங்க்க மாட்டு."

அவர் மாட்டினார். மூடியைத் திறந்து பார்த்தால் பம்ப்பின் தலை ஓட்டைக்கு நேர் நடுவில் உட்கார்ந்திருந்தது. ரஃபி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நா போறேன்க்கா. அண்ணன் கேட்டா நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடுங்க," என்றார்.

பேச்சில்லாத நாட்கள்

ஐந்து நாள் கழித்து அண்ணனைக் கூட்டிவரப் போனேன். பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த நொடியே சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"சீட்ட எதுக்குக் கழட்டுன?"

மறைக்க முடியவில்லை. சொன்னேன். வீட்டுக்குப் போனதும் காட்டச் சொன்னார். சீட்டைத் தூக்கி மூடியைக் காட்டினேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். கழுத்தில் ஒரு குழாய், இடது கையில் ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பு.

"எம்மேலதான் எடம் பாத்து ஓட்ட போட்டு வச்சிக்கிறாங்க. வண்டியயுமா?"

"மறுபடி நடுரோட்டுல நின்னா இன்னா பண்றதுண்ணா?"

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா ஒத்துக்கினு இருப்பியா?"

அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு மாதம், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை என்னிடம் பேசவில்லை. நான் மூன்றாவது கியரில் போனாலும் ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பது நிமிஷம்

வந்தா வரும் என்று ரஃபி சொன்ன பம்ப் ஆறு மாதம் வந்தது. ஒரு திங்கட்கிழமை பட்டறை வாசலிலேயே வண்டி கிளம்பவில்லை. சாவியை ஆன் செய்து காதைத் தீட்டினேன். ம்ம் சத்தம் இல்லை.

ரஃபி முன்னெச்சரிக்கையாக வாங்கிக் கொடுத்திருந்த இன்னொரு பம்ப் பீரோவில் இருந்தது. அவருக்குப் போன் செய்தேன். ஒரு கல்யாணத்துக்காக வேலூரில் இருந்தார். போனிலேயே கேட்டுக் கேட்டு நானே செய்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றினேன். சீட்டைத் தூக்கி, எட்டு ஸ்க்ரூவை எடுத்து, மூடியைத் திறந்து, பம்ப்பின் தலையை இறுக்கிப் பிடித்திருந்த வளையத்தை மரக்கட்டை வைத்துத் தட்டித் திருப்பினேன். பழையதை எடுத்துப் புதியதை இறக்கினேன்.

தலைக்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு ரப்பர் ரிங் உண்டு. பெட்ரோலில் ஊறிய ரப்பர் வெளியே எடுத்ததும் உப்பிப் பெரிதாகிவிட்டது. அது இருந்த பள்ளத்தில் திரும்ப உட்கார மாட்டேன் என்றது. விரலால் அமுக்கி அமுக்கி உட்கார வைத்தேன். ரிங்கைப் பற்றி நான் ரஃபியிடம் கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

நாற்பது நிமிஷம். சாவியைத் திருப்பியதும் ம்ம் என்றது. அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்திருந்தார். முகத்தில் கரியோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"நாளைக்குப் பத்து மணிக்குப் போயிடலாம்ண்ணா."

"ம்," என்றார். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, "வளையத்த நல்லா டைட் பண்ணியா?" என்று அவராகக் கேட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நாற்றம்

அடுத்த வாரத்திலிருந்து ஆரம்பித்தார்.

"பெட்ரோல் நாத்தம் அடிக்குது."

நான் மூக்கை இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இதை இங்கே சொல்லியாக வேண்டும். முப்பது வருடமாகத் தின்னர் வாசனையில், ஸ்ப்ரே பெயின்ட் புகையில் கிடந்த மூக்கு இது. மழை பெய்து மண் வாசனை வருகிறது என்று மற்றவர்கள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். அப்போது அது என் நினைவுக்கு வரவில்லை.

"உனக்கு எதுதான் நாத்தம் அடிக்கல? காலைல ரசத்தயே நாத்தம்ன."

அதுவும் உண்மைதான். அந்த நோயில் வாய் இரும்பு ருசியாகிவிடும். சோறு பிடிக்காது, பால் பிடிக்காது. எதை முகர்ந்தாலும் குமட்டும். டாக்டரே சொல்லியிருந்தார்.

ஆனால் என் மனதில் இருந்தது டாக்டர் சொன்னது மட்டுமல்ல. மூடி வெட்டியதற்கு இன்னும் கோபம், அதனால்தான் குறை கண்டுபிடிக்கிறார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் டேங்கை நிரப்புவேன். செவ்வாய்க்கிழமைகளில்தான் அதிகமாகச் சொல்வார். வியாழக்கிழமை குறையும். அதை நான் கவனித்தேன். கவனித்தும், செவ்வாய்க்கிழமை அவர் சிடுசிடுப்பான நாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அவருக்குக் குளிர் எடுக்கும். ஜன்னல்களை எல்லாம் ஏற்றிவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொள்வார். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் வாந்தி எடுப்பார். அதற்கென்று ஒரு சின்ன வாளி வைத்திருந்தோம்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "நாத்தம் வண்டில இல்லண்ணா. உம் மனசுல."

அவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாற்றம் என்று சொல்லவே இல்லை. ஒரு வழியாகச் சமாதானம் ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மழையில் ஒரு தூக்கம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணனை மெஷினில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வழக்கமாக உட்காருகிற இடமெல்லாம் நனைந்திருந்தது. முந்தின நாள் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அலமாரிகள் முடித்துக் கொடுத்த அலுப்பு வேறு. காரில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின்சீட்டில் அண்ணன் படுக்கிற மாதிரியே, அவருடைய போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

எழுந்தபோது மண்டை பிளந்தது. கதவைத் திறந்து காலை வெளியே வைப்பதற்குள் வாந்தி வந்துவிட்டது. மழையில் நின்று இரண்டு முறை எடுத்தேன். திரும்ப உள்ளே தலையை விட்டபோது, செத்துப்போன என் மூக்குக்கே தெரிந்தது.

டிக்கியிலிருந்து ஸ்பேனர் பையை எடுத்தேன். சீட்டைத் தூக்கி எட்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன். அவசரத்தில் ஒன்று கீழே விழுந்து உருண்டுவிட்டது. மூடியின் அடியில் ஒட்டியிருந்த ரப்பர் ஈரமாக, கொழகொழவென்று இருந்தது. பம்ப்பின் தலையைச் சுற்றி ஒரு பக்கத்தில் பெட்ரோல் கசிந்து பளபளத்தது. நான் விரலால் அமுக்கி உட்கார வைத்த ரிங் அங்கே மடிந்து, பிதுங்கிக்கொண்டிருந்தது. டேங்க் நிறைய இருக்கும்போதெல்லாம் அதன் வழியாகத்தான் வந்திருக்கிறது. என் தலை அதற்கு ஒரு சாண் மேலே இருந்தது. ஒன்றரை மணி நேரம்.

அண்ணனுடைய தலை எத்தனை மணி நேரம்?

ஆட்டோ பிடித்து, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்ப் புது ரிங் வாங்கி வந்தேன். கதவுகளையெல்லாம் திறந்து போட்டுவிட்டு மாட்டினேன். மாட்டி முடிப்பதற்குள் நான்கு மணி நேரமும் முடிந்துவிட்டது. வார்டு ஆள் அண்ணனை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்து போர்ட்டிகோவில் விட்டுவிட்டுப் போனார். வண்டியை அங்கே கொண்டுவந்தேன். சீட் இன்னும் மாட்டவில்லை.

"மறுபடி நின்னுடுச்சா?" என்றார்.

"இல்லண்ணா." நான் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். மடிந்துபோன ரிங்கை அவர் கையில் கொடுத்தேன். "நீ சொன்னது நெசம். பெட்ரோல் வந்துக்கினுதான் இருந்துக்குது. நான் சரியா மாட்டல."

அவர் அந்த ரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் சொல்லச் சொல்ல நீ இல்ல இல்லன்னியா," என்றார் மெதுவாக. "கடசில நானே நம்பிட்டேன். நோவுதான் இப்டிப் பண்ணுதுன்னு நெனச்சிக்கினேன். அதான் சொல்றத வுட்டுட்டேன்."

நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"எழுந்திரு. தர ஈரமா இருக்குது," என்றார்.

அதற்குப் பிறகு

டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தலைவலியும் வாந்தியும் அதனால் வந்திருக்கலாம் என்றார். இனி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இருதயம் பலவீனமாகிக்கொண்டு வருவது வேறு காரணத்தால், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வாரங்களில் அண்ணன் எடுத்த வாந்தியில் எத்தனை நோயினால், எத்தனை என்னால் என்று நான் இன்னும் யோசிக்கிறேன். புது ரிங் மாட்டிய பிறகும் அவர் வாந்தி எடுத்தார். குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் வண்டியை நிறுத்தினேன். "லேசா நாத்தம் வர்ற மாரி இருக்குது" என்றால் போதும். ஓரம் கட்டி, அவரை முன்சீட்டுக்கு மாற்றி, பின்சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, தலையைச் சுற்றி விரலால் தடவிப் பார்ப்பேன். பெரும்பாலும் முன்னால் போன லாரியின் புகையாகத்தான் இருக்கும்.

"ஒண்ணும் இல்லண்ணா. காஞ்சி இருக்குது."

"இல்லன்னா போ. நீ பாத்தல்ல, போதும்."

அப்படி ஏழெட்டு முறை நிறுத்தியிருப்பேன். ஒரு முறைகூட எனக்கு எரிச்சல் வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள். டயாலிசிஸ் நாள் அல்ல. காலையில் கேப்பைக் கூழைக் கையில் வாங்கியவர், குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, "நெஞ்சு ஒரு மாரியா இருக்குது, ஸ்டெல்லா," என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் ஏன் எப்படி என்று கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவரைப் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தேன். சாவியைத் திருப்பினேன். வண்டி உடனே கிளம்பியது. மயிலம் ரோட்டைத் தாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி, விக்கிரவாண்டி டோல்கேட்டில் எங்களைத் தெரிந்தவர்கள் பார்த்துக் கையசைத்து வழிவிட, எங்கும் ஒரு நொடிகூட நிற்காமல் போனது. நான் அவ்வளவு வேகமாக அதற்கு முன் ஓட்டியதில்லை.

"ஜல்தி போவணும்னு முட்டாத. போய்ச் சேந்துடுவோம்," என்றார் ஒரு இடத்தில். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது அவருக்கு மூச்சு இருந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். எல்லாம் சரியான நேரத்தில் நடந்தது. இருபது நிமிஷம் கழித்து அந்த டாக்டர் வெளியே வந்தார். "நீங்க ஒண்ணும் லேட் பண்ணலம்மா," என்றார்.

அண்ணனின் உடலை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றினார்கள். கூட வரச் சொன்னார்கள். கார் இங்கேயே நின்றுவிடுமே என்று சொல்லிவிட்டு, நான் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தேன். நாற்றம் வருகிறதா என்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் முன்னால் போன வண்டியைப் போகவிட்டு, ஓரம் கட்டினேன். நல்ல வெயில். பின்சீட்டைத் தூக்கி, எட்டு ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, மூடியைத் திறந்தேன். பம்ப்பின் தலையைச் சுற்றி விரலால் தடவினேன்.

காய்ந்துதான் இருந்தது.

"ஒண்ணும் இல்லண்ணா," என்றேன், வெளியே கேட்கும்படியாகவே. பிறகு ஸ்க்ரூக்களைத் திரும்ப மாட்ட உட்கார்ந்தேன்.